சம்பளத்தை அளக்கத் தெரிந்தவர்களின் சம்பளம்

கேள்வி இது: ஆட்தேர்விலும் பதவி உயர்விலும் சம்பள நிர்ணயத்திலும் பாரபட்சம் நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் பணியிட உளவியலாளர்களின் பிழைப்பே. அந்தத் தொழிலுக்குள்ளேயே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று சம்பளம் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு நிஜம், எங்கிருந்து வருகிறது, ஒரு நிறுவனத்துக்குள் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இருக்கிறது. கணக்கும் சட்டமும் விரிவாகக் கிடைப்பது அமெரிக்காவில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். அங்கே இந்தத் தொழிலின் சங்கமான எஸ்.ஐ.ஓ.பி. 1980-களிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உறுப்பினர்களிடம் சம்பளக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. பெண்களின் இடைநிலைச் சம்பளம் (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது) ஆண்களுடையதைவிடக் குறைவு என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. பட்டம், அனுபவ ஆண்டுகள், வேலை வகை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இடைவெளி சுருங்கும். சண்டை தொடங்குவது இங்கேதான். சுருங்கியதைப் பார்த்து ‘விளக்கம் கிடைத்துவிட்டது, பிரச்சினை இல்லை’ என்பார் ஒருவர். விளக்கிய காரணிகளுக்குள்ளேயே பாரபட்சம் இருக்கலாமே என்பார் இன்னொருவர். இரண்டாமவர் பக்கம்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு பழைய செய்தி. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் லில்லியன் கில்பிரெத். மேலாண்மையின் உளவியல் பற்றிய அவருடைய புத்தகம் 1914-இல் வெளிவந்தபோது, எழுதியவர் பெண் என்று தெரியக்கூடாது என்று பதிப்பாளர் சொல்ல, அட்டையில் எல்.எம். கில்பிரெத் என்றுதான் அச்சானது. அடுத்த ஆண்டு பிரௌன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஏட்னா காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய மேரியன் பில்ஸ், அமெரிக்க உளவியல் சங்கத்தின் 14-ஆம் பிரிவுக்கு (இன்றைய எஸ்.ஐ.ஓ.பி.) 1951-இல் தலைவரானார். ஆக, இது பெண்கள் நேற்று நுழைந்த தொழில் இல்லை. இன்று அமெரிக்காவில் இந்தத் துறையில் முனைவர் பட்டம் பெறுபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் துறையின் உயர் கௌரவங்கள் என்று வரும்போது விகிதம் அப்படி இல்லை என்பதை டேனியல் கார்ட்னர், ஆன் மேரி ரயன், மேகன் ஸ்னோயிங்க் மூவரும் 2018-இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது.

இனி எண்களை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். இணையத்தில் எல்லோரும் எடுத்துப் போடுவது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் எண். தொழில், நிறுவன உளவியலாளர்கள் (பணியிட உளவியலாளர்களுக்கு அங்கே உள்ள பெயர்) வாங்கும் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2021 மே மாதத்தில் 1,05,310 டாலர், 2022-இல் 1,39,280 டாலர், 2023-இல் 1,47,420 டாலர். ஒரே ஆண்டில் 30 சதவீதத்துக்கு மேல் யாருக்கும் இன்கிரிமென்ட் வந்துவிடவில்லை. இந்தப் பதவிப் பெயரில் எண்ணப்படுபவர்கள் மிகச் சொற்பம், அதனால் எண் இப்படித் துள்ளுகிறது. உண்மையில் இந்தப் படிப்பைப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஆலோசகர், திறன் மதிப்பீட்டு மேலாளர், பணியாளர் தரவுப் பகுப்பாய்வாளர் என்று வேறு பெயர்களில் வேலை செய்கிறார்கள். அவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. தவிர, இந்தக் கணக்கெடுப்பு ஆண், பெண் என்று பிரித்துக் கேட்பதும் இல்லை. ஆகவே இடைவெளி பற்றிப் பேச இந்த எண் உதவாது.

சங்கத்தின் கணக்கெடுப்புதான் உதவும். அதிலும் ஓட்டைகள் உண்டு. பதில் அனுப்புபவர்கள் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர்தான், அதுவும் தாங்களே எழுதித் தருவதுதான். பேராசிரியர் ஒருவரின் ஒப்பந்தம் ஒன்பது மாதத்துக்கு 90,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஆராய்ச்சி நிதியிலிருந்து ஒன்பதில் இரண்டு பங்கு, அதாவது 20,000 டாலர் கூடுதலாக வரலாம். படிவத்தில் ஒருவர் 90,000 என்று எழுதுவார், இன்னொருவர் 1,10,000 என்று எழுதுவார். தனியாகத் தொழில் நடத்துபவர் மொத்த வரவை எழுதிவிடுவார். அதிலிருந்து 15.3 சதவீத சுயதொழில் வரி, மருத்துவக் காப்பீடு எல்லாம் போக வேண்டும். பகுதி நேரமாக வேலை செய்பவர் கையில் வாங்குவதை எழுதினாரா, முழுநேரமாகப் பெருக்கி எழுதினாரா என்று தெரியாது. சம்பள அறிக்கை எதைக் கையில் எடுத்தாலும் முதலில் இந்த மூன்றையும் எப்படிச் சரிசெய்திருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பில் பாருங்கள். குறிப்பே இல்லையென்றால் இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ‘சரிசெய்த இடைவெளி’ என்ற பேச்சுக்கு வருவோம். ஒரு கற்பனை ஆலோசனை நிறுவனம். 40 உளவியலாளர்கள், ஆண் 20, பெண் 20. இரண்டே படிநிலை: ஆலோசகருக்கு 1,10,000 டாலர், மூத்த ஆலோசகருக்கு 1,50,000 டாலர். ஒரே படியில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு காசு வித்தியாசம் கிடையாது. ஆனால் ஆலோசகர்களில் 6 ஆண்கள், 14 பெண்கள். மூத்தவர்களில் 14 ஆண்கள், 6 பெண்கள். ஆண்களின் சராசரி 1,38,000, பெண்களின் சராசரி 1,22,000. இடைவெளி 16,000 டாலர், ஏறக்குறைய 11.6 சதவீதம். ரிக்ரஷனில் (ஒவ்வொரு காரணியின் பங்கையும் பிரித்துக் காட்டும் புள்ளியியல் கணக்கு) படிநிலையை ஒரு மாறியாகச் சேர்த்த உடனே இடைவெளி பூஜ்யமாகிவிடும். ‘சம வேலைக்குச் சம ஊதியம் தருகிறோம்’ என்று நிறுவனம் அறிக்கை விடலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் யார் மூத்தவர் ஆனார், எப்படி ஆனார் என்ற கேள்வியை அந்த மாறி விழுங்கிவிட்டது. 1973-இல் ஒவஹாகாவும் பிளைண்டரும் தனித்தனியே எழுதிய பகுப்பு முறை, இடைவெளியை ‘விளக்கப்பட்ட பங்கு’, ‘விளக்கப்படாத பங்கு’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. விளக்கப்பட்டது எல்லாம் நியாயமானது என்று அந்த முறை சொல்லவே இல்லை. படிப்பவர்கள்தான் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வுக் கருவிகளில் அளவுகோலே கறைபட்டிருக்கலாம் என்று முதலாமாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள், தங்கள் சம்பளம் என்று வரும்போது அதை மறந்துவிடுவது வேடிக்கைதான்.

கறை எங்கே படிகிறது? முதல் இடம் சேரும் நாள். ஒருவருக்குத் தொடக்கச் சம்பளம் 1,00,000, இன்னொருவருக்கு 93,000, இருவருக்கும் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வு, யாரும் யாரையும் பாரபட்சமாக நடத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். பத்து உயர்வுக்குப் பிறகு சம்பளம் 1,48,024-உம் 1,37,663-உம். 7,000 டாலர் வித்தியாசம் 10,361 ஆகிவிட்டது. முதல் பத்து ஆண்டில் இழந்த தொகை மட்டும் ஏறத்தாழ 84,000 டாலர். நடப்புச் சம்பளத்தில் தெரியும் இடைவெளியில் பெரும்பகுதி சேரும்போதே விழுந்தது என்பதை பேரி கெர்ஹார்ட் 1990-இலேயே ஒரு பெரிய நிறுவனத்தின் தரவில் காட்டினார். ‘பழைய சம்பளம் எவ்வளவு?’ என்ற ஒற்றைக் கேள்வி, முந்தைய முதலாளியின் கஞ்சத்தனத்தைப் புதிய இடத்துக்கும் சுமந்து வருகிறது. கலிஃபோர்னியாவும் மாசசூசெட்ஸும் 2018-இல் அந்தக் கேள்வியைத் தடைசெய்ததற்குக் காரணம் இதுதான்.

‘பெண்கள் பேரம் பேசுவதில்லை, அதனால்தான்’ என்ற விளக்கம் பாதிதான் சரி. பேரம் பேசிய பெண்ணோடு வேலை செய்ய மதிப்பிடுபவர்கள் தயங்குகிறார்கள், அதே பேரத்தைப் பேசிய ஆணிடம் அந்தத் தயக்கம் அவ்வளவு இல்லை என்று பௌல்ஸ், பாப்காக், லாய் மூவரும் 2007-இல் சோதனை மூலம் காட்டினார்கள். கேட்டால் நஷ்டம் வரும் என்று தெரிந்து கேட்காமல் இருப்பதைக் கூச்சம் என்று சொல்ல முடியாது. லைப்ராண்ட்டும் லிஸ்ட்டும் 2015-இல் வெளியிட்ட கள ஆய்வு இன்னும் உபயோகமானது: விளம்பரத்தில் ‘சம்பளம் பேசி முடிவு செய்யலாம்’ என்று வெளிப்படையாக எழுதினால் ஆண், பெண் வித்தியாசம் மறைந்துவிடுகிறது. செலவில்லாத ஒரே ஒரு வாக்கியம்.

இரண்டாவது இடம், ஆலோசனை நிறுவனங்களில் வேலை பங்கிடப்படும் விதம். ஒரு தேர்வுக் கருவியைச் சரிபார்க்கும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு வீரர்களோ கால் சென்டர் ஊழியர்களோ, அவர்களின் வேலையை அறிந்த மூத்தவர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பணிக்கூறுகளை எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், எவ்வளவு அடிக்கடி என்று மதிப்பெண் வாங்க வேண்டும். எந்தப் பணிக்கு எந்தத் திறன் வேண்டும் என்று இணைக்க வேண்டும். பிறகு தேர்வு மதிப்பெண்ணையும் வேலைத்திறனையும் ஒப்பிட்டு, நாளை வழக்கு வந்தாலும் நிற்கிற மாதிரி தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டும். 1978-இல் வந்த அமெரிக்க மத்திய அரசின் ஆட்தேர்வு வழிகாட்டு விதிகள் கேட்பது இந்த அறிக்கையைத்தான். மாதக்கணக்கில் உழைப்பு இங்கே போகிறது. ஆனால் போனஸ் கணக்கு பெரும்பாலும் பார்ப்பது இரண்டை: வாடிக்கையாளரிடம் பில் போட்ட மணிநேரம், வாடிக்கையாளரைக் கொண்டுவந்தவர் பெயர். ஒப்பந்தத்தில் கையெழுத்தானபோது அறையில் இருந்தவர் பெயரில் ‘கொண்டுவந்த’ கணக்கு ஏறிவிட்டால், அதே வாடிக்கையாளர் ஐந்து ஆண்டு தொடர்ந்து வந்தாலும், தொடரக் காரணமானவர் வேறொருவராக இருந்தாலும், பலன் முதலாமவருக்கே.

பயிற்சி மாணவர்களைப் பார்த்துக்கொள்வது, உள் குழுக்களில் உட்காருவது, மாநாட்டு ஏற்பாடு, இவையெல்லாம் பில் போடாத மணிநேரம். பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் நடத்திய சோதனையில், பதவி உயர்வுக்கு உதவாத வேலைக்குக் கலப்புக் குழுக்களில் பெண்கள் முன்வருவது ஆண்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பெண்கள் மட்டுமோ ஆண்கள் மட்டுமோ இருந்த குழுக்களில் அந்த வித்தியாசம் இல்லை. ஆகவே சுபாவம் என்று சொல்லிவிட முடியாது. யார் செய்துவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்களோ, அவர் தலையில் விழுகிறது.

தாய்மை மூன்றாவது. கொரெல், பெனார்ட், பைக் 2007-இல் வெளியிட்ட சோதனையில் ஒரே தகுதியுள்ள இரண்டு விண்ணப்பங்களில் ஒன்றில் மட்டும் தாய் என்ற குறிப்பு இருந்தது. அவருக்குப் பரிந்துரைக்கப்பட்ட தொடக்கச் சம்பளம் சுமார் 11,000 டாலர் குறைவு. தந்தை என்ற குறிப்பு ஆணுக்கு அப்படிக் கேடு செய்யவில்லை. 2023-இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் சொல்வது இதை ஒட்டியதுதான்: எந்நேரமும் கூப்பிட்டால் வர வேண்டிய வேலைக்கு மணிக்கணக்கை மீறிய சம்பளம் தரும் தொழில்களில் இடைவெளி பெரிது. வாரம் நான்கு நாள் விமானம் ஏறும் ஆலோசகர் வேலை அதற்கு நல்ல உதாரணம்.

துறைக்குள்ளேயே எந்தக் கட்டடத்தில் உட்காருகிறோம் என்பதும் பெரிய வித்தியாசம் செய்யும். ஒரே பட்டம், ஒரே ஆராய்ச்சி, ஆனால் வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்தால் உளவியல் துறையில் இருப்பவரைவிடச் சம்பளம் கணிசமாகக் கூடுதல்.

அமெரிக்க மத்திய அரசு வேலை இதற்கெல்லாம் ஓர் எதிர் உதாரணம். உளவியலாளர்களுக்கு 0180 என்ற வரிசை எண், ஜி.எஸ். என்ற பொதுச் சம்பள அட்டவணை. ஒவ்வொரு நிலையிலும் பத்துப் படிகள். முதல் படிக்கும் பத்தாம் படிக்கும் சுமார் 30 சதவீதம் வித்தியாசம். முதல் மூன்று உயர்வுக்குத் தலா ஓர் ஆண்டு, அடுத்த மூன்றுக்குத் தலா இரண்டு, கடைசி மூன்றுக்குத் தலா மூன்று, ஆக 18 ஆண்டு. யாருக்கு எவ்வளவு என்பது இணையத்தில் எவரும் பார்க்கலாம். அங்கேயும் ஒரு சந்து இருந்தது: மேலான தகுதி என்று காட்டி முதல் படிக்கு மேலே அமர்த்தும்போது, வெளியில் வாங்கிய பழைய சம்பளத்தை ஆதாரமாக வைக்கலாம். 2024 ஜனவரியில் வெளியான விதி அதை அடைத்தது.

இனி, உங்கள் நிறுவனத்தில் கண்டுபிடிப்பது எப்படி? ஆளுக்கு ஒரு வரியாகத் தரவு எடுங்கள்: அடிப்படைச் சம்பளம், போனஸ் (இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், தனித்தனி நெடுவரிசை), சேர்ந்த தேதி, சேர்ந்தபோது சம்பளம், பட்டம், பட்டம் பெற்ற ஆண்டு, ஒவ்வொரு படிநிலைக்கும் ஏறிய தேதி, விடுப்பில் இருந்த மாதங்கள், ஊர், பில் போட்ட மணிநேரம், பெயரில் உள்ள வாடிக்கையாளர்கள். ‘பட்டம் பெற்று எத்தனை ஆண்டு’ என்பதை அனுபவம் என்று எடுத்துக்கொண்டால் விடுப்பு மாதங்களும் அனுபவமாகிவிடும். கழித்துவிட்டால் தாய்மைக்கான தண்டனை ‘விளக்கப்பட்ட’ பங்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள்.

சம்பளத்தின் லாகரிதத்தை எடுத்து ரிக்ரஷன் போடுங்கள். பெண் என்ற மாறியின் கெழு −0.06 என்று வந்தால் இடைவெளி சுமார் 5.8 சதவீதம். முதலில் படிநிலையும் மதிப்பீட்டு மதிப்பெண்ணும் இல்லாமல் ஒன்று, பிறகு அவற்றைச் சேர்த்து ஒன்று. இரண்டுக்கும் இடையே கெழு எவ்வளவு சுருங்குகிறதோ, அந்த அளவுக்கு நீங்கள் அடுத்துத் தோண்ட வேண்டிய இடம் பதவி உயர்வும் மதிப்பீடும். நேராகச் சம்பளத்தை மட்டும் பார்க்கும் தணிக்கைகள் தவறவிடுவது இதைத்தான். மதிப்பீடும் நம்பத்தகுந்தது என்று எண்ணிவிட வேண்டாம். ‘இங்கே திறமைக்கே மதிப்பு’ என்று வலியுறுத்தும் நிறுவனச் சூழலில் மேலாளர் பொறுப்பில் வைக்கப்பட்டவர்கள், சமமான திறனுள்ள பெண்ணைவிட ஆணுக்குப் போனஸ் கூடுதலாகத் தந்தார்கள் என்பது காஸ்டில்லா, பெனார்ட் இருவரின் 2010 சோதனை முடிவு.

பதவி உயர்வைச் சோதிக்கப் பலரும் ஐந்தில் நான்கு விதியை எடுப்பார்கள், அதாவது ஒரு பிரிவினரின் உயர்வு விகிதம் மற்றவர்களுடையதில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. தகுதியுள்ள 20 ஆண்களில் 8 பேர் உயர்ந்தார்கள், 40 சதவீதம். 20 பெண்களில் 5 பேர், 25 சதவீதம். 25-ஐ 40-ஆல் வகுத்தால் 0.625, எல்லைக்குக் கீழே. ஆனால் இன்னும் இரண்டே பெண்கள் உயர்ந்திருந்தால் 0.875 ஆகி விதியில் தேறிவிடும். இதே 8-க்கு 5 என்பதைப் புள்ளியியல் சோதனையில் போட்டால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். இத்தனை சிறிய கூட்டத்தில் ‘தேறியது’, ‘தேறவில்லை’ இரண்டும் அர்த்தமில்லாதவை. ஐந்து ஆண்டுத் தரவை ஒன்றாக்குங்கள். அதுவும் போதாவிட்டால், ஒரே ஆண்டில் ஒரே பட்டத்தோடு சேர்ந்தவர்களை இணை இணையாக வைத்து, படி ஏற எத்தனை மாதம் ஆனது என்று கையால் பாருங்கள். 30 பேருக்குக் குறைவான குழுவில் ரிக்ரஷனைவிட இந்தக் கைக்கணக்கு அதிகம் சொல்லும்.

இந்த வேலையைத் தொடங்கும் முன் வழக்கறிஞரைக் கூப்பிட வேண்டும். இடைவெளியைக் கண்டுபிடித்து எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருந்தால், அந்தத் தாளே நாளை உங்களுக்கு எதிரான சாட்சி. மாசசூசெட்ஸ் சட்டம் இதில் புத்திசாலித்தனமானது: முந்தைய மூன்று ஆண்டுக்குள் நேர்மையாகச் சுய ஆய்வு செய்து, சரிசெய்வதில் முன்னேற்றமும் காட்டினால், வழக்கில் அதுவே தற்காப்பு.

தனிநபராக நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் பதவியின் சம்பளப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். கொலராடோவில் 2021 முதலும், கலிஃபோர்னியாவில் 2023 முதலும் விளம்பரத்திலேயே அதைப் போட வேண்டும் என்பது சட்டம். ஆகவே உங்கள் ஊரில் தராவிட்டாலும், அதே நிறுவனம் அந்த மாநிலங்களில் போட்ட விளம்பரத்தில் கிடைக்கும். பட்டை 1,20,000 முதல் 1,80,000 வரை என்றால் நடுப்புள்ளி 1,50,000. நீங்கள் வாங்குவது 1,32,000 என்றால் விகிதம் 0.88. ஆறு ஆண்டு அதே பதவியில் இருந்தும் 0.88 என்றால் கேட்பதற்கு உங்களிடம் ஓர் எண் இருக்கிறது. ‘குறைவாகத் தோன்றுகிறது’ என்பதைவிட அந்த எண்ணுக்குப் பதில் சொல்வது மேலாளருக்குக் கடினம். சக ஊழியரிடம் சம்பளம் பேசுவதைத் தடுக்கும் விதி பல நிறுவனக் கையேடுகளில் இன்னும் இருக்கிறது. தனியார் துறையில் மேற்பார்வையாளர் அல்லாத பெரும்பாலான ஊழியர்களுக்கு 1935-ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி அந்தத் தடை செல்லாது.

சட்டம் வரை போவதென்றால், 1963-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தில் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரே நிறுவன இடத்தில், திறன், முயற்சி, பொறுப்பு, சூழல் நான்கிலும் கணிசமாகச் சமமான வேலை என்று காட்டினால் போதும். பணி மூப்பு, தகுதி, உற்பத்தி அளவு, பாலினம் அல்லாத வேறு காரணம் என்ற நான்கில் ஒன்றைக் காட்டுவது முதலாளியின் பொறுப்பு. காலக்கெடு இரண்டு ஆண்டு, வேண்டுமென்றே செய்ததென்றால் மூன்று. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பில் 180 அல்லது 300 நாளுக்குள் புகார் தர வேண்டும். 2009-இல் வந்த லில்லி லெட்பெட்டர் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு சம்பளச் சீட்டும் அந்தக் கடிகாரத்தைத் திரும்ப ஓடவைக்கிறது.

இடைவெளி உறுதியானால் அடிப்படைச் சம்பளத்தில்தான் திருத்த வேண்டும். ஒருமுறை போனஸாகக் கொடுத்து ஆறுதல் சொன்னால் அடுத்த ஆண்டின் 4 சதவீதம் பழைய தொகையின் மேல்தான் கூடும், மேலே போட்ட 84,000 டாலர் கணக்கு அப்படியே தொடரும். திருத்தத்தை ஆண்டு உயர்வுக்கு முன்பு செய்துவிட்டு, உயர்வு முடிந்த பிறகு ரிக்ரஷனை மறுபடி ஓட்டுங்கள். மேலாளர்கள் ‘ஏற்கெனவே கூட்டிவிட்டோமே’ என்று அதே பெண்களுக்கு உயர்வைக் குறைத்துப் போடுவது வழக்கமாக நடக்கிறது. ஆண்களின் சம்பளத்தை இறக்கிச் சமமாக்கலாமே என்று நிதித்துறையிலிருந்து யாராவது கேட்டால், 1963 சட்டமே அதை வெளிப்படையாகத் தடுக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.